வெட்டுக்கு வரும் வயது

கிறிஸ்டினா. தேவசகாயத்துக்கும் என் அக்காவுக்கும் மூத்த மகள். பிறந்தது ஆம்பூரில், 1990. தந்தைக்குக் காலணித் தொழிற்சாலையில் சோல் ஒட்டும் வேலை. மகள் தாவர மரபியலில் முனைவர். கேரளத்தில் ரப்பர் ஆராய்ச்சிப் பண்ணையொன்றில் பணி. ரப்பர் மரம் பால்வெட்டுக்கு வர ஏழு ஆண்டுகள் ஆகும். அவ்வளவு காலம் காத்திராமல், முழ உயரக் கன்றின் இலையிலுள்ள மரபணுக்களைப் படித்து, எது நிறையப் பால் தரும் என்று முன்கூட்டியே கணித்துத் தேர்வது அவள் வேலை.

குடும்ப வரலாற்றைத் தொகுப்பவன் நான். எங்கள் வீடுகளில் வரன் பேசினால், மூன்று தலைமுறை பார்த்து நான் தலையசைத்த பிறகே பேச்சு நகரும். இந்த அதிகாரத்தை எனக்கு யார் கொடுத்தார்கள் என்பது மட்டும் என் ஆவணங்களில் இல்லை.

2018இல், தன்னோடு படித்த குடியாத்தம் அன்பரசனை மணக்க விரும்புவதாகக் கிறிஸ்டினா சொன்னாள். விசாரித்தேன். அவனுடைய அண்ணன் இரண்டு கடைகளைத் திறந்து, இரண்டையும் பாதியில் விட்டு ஓடியவன். வேண்டாம் என்றேன். தேவாலயத்தில் திருமண அறிவிப்பான ஓலையை வாசிக்கப் பெயர் கொடுக்கும் நாள் நெருங்கியது. நான் சம்மதிக்காமல் கொடுப்பதில்லை என்று தேவசகாயம் நின்றுவிட்டார். கிறிஸ்டினா விடுப்பெடுத்து வந்தாள்.

"இன்னா மாமா, அண்ணன் ஓடுனா தம்பியும் ஓடிருவாரா?"

"வம்சம்னு ஒண்ணு இருக்கேம்மா."

"ஒரே அப்பா மரம், ஒரே அம்மா மரம், நூறு கன்னு வருது. உங்க கணக்குல நூறுக்கும் ஒரே மார்க்கு. அதுல எது பால் தரும், எது சும்மா நிழல் தரும்னு பிரிக்கத்தான் எனக்குச் சம்பளமே."

தேவசகாயம் மெல்லத் தொடங்கினார். "மச்சான், தப்பா நெனைக்காதே. உங்க வம்சத்துல ரெண்டு தலைமையாசிரியர், ஒரு ஆயர். அந்தக் கணக்குப்படி பாத்தா நீ இந்நேரம்..."

வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை; முடிக்க வேண்டிய தேவையும் இல்லை. துறைத் தேர்வில் நான்கு முறை தோற்ற எழுத்தர் நான். என் விதிப்படி முதல் தரக் கன்று, இதுவரை நிழல்தான். அந்த நிழலிலும் எவரும் ஒதுங்கியதில்லை.

விட்டுக்கொடுக்க மனமின்றிக் கேட்டேன்: "அப்போ அன்பரசனோட இலையைக் கிள்ளிப் பாத்துட்டியா?"

"ரெண்டு வருஷமாப் பாக்கறேன் மாமா. ஆனா எங்க கணிப்பும் தப்பும். கடைசில தோட்டத்துல நட்டுத்தான் பாக்கணும்."

"சரி, நடுங்க" என்றேன். அன்றே தேவசகாயம் சபை ஆயரிடம் பெயர் கொடுத்தார்.

மூன்று ஞாயிறுகள் ஓலை வாசித்தார்கள். 'தடை சொல்வோர் உண்டா' என்று ஆயர் கேட்டபோதெல்லாம் முதல் வரிசையில் இருந்த என்னையே சபை பார்த்தது. நான் கூரை மின்விசிறியைப் பார்த்தேன். இருந்தாலும், குடும்ப மரத்தில் அன்பரசனின் பெயரைப் பென்சிலால்தான் எழுதினேன். திருமணத்தன்று அதைக் கிறிஸ்டினா கண்டுகொண்டாள்.

"அழிக்காதீங்க மாமா. வெட்டுக்கு வர்ற வரைக்கும் நாங்களும் புதுக் கன்னுக்கு நம்பர்தான் போடுவோம், பேரு வைக்க மாட்டோம்."

சென்ற மாதம் அந்தப் பெயரின்மேல் மையால் எழுதினேன். எழுத்து கோணிவிட்டது. பென்சில் கோடே அழகாக இருந்தது.

மணமாகி ஏழு ஆண்டுகள்.