சுந்தரத்தின் வியாழக்கிழமைகள்

சுந்தரம் இறந்துபோன வியாழக்கிழமை எங்கள் வீட்டு ரேடியோ பேசவில்லை. அதற்குள்ளிருந்து கழற்றி எடுத்த கண்ணாடி வால்வு, சித்தப்பாவின் சவரப் பெட்டிக்குள் கைக்குட்டையில் சுற்றப்பட்டு, சோப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருந்தது. இது இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் சித்தப்பா. மற்றவள் நான். எனக்கு அப்போது ஒன்பது வயது முடிந்து நாலு மாதம்.

சுந்தரம் எங்களுக்கு உறவு அல்ல. வானொலி நாடகத்தில் வந்தவன். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மயிலாப்பூர் முக்கால்வாசி காலியாகி, பிறகு ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பி வந்த அடுத்த வருஷம் அந்தத் தொடர் நாடகம் ஆரம்பித்தது. வியாழக்கிழமை மாலை ஏழே கால் மணிக்கு, செய்தி முடிந்ததும், இருபது நிமிஷம். பட்டணத்துப் பிள்ளை ஒருவன் பட்டாளத்தில் லாரி மெக்கானிக்காகச் சேர்ந்து பர்மாவுக்குப் போகிறான். மனைவி கமலா இங்கே காத்திருக்கிறாள். அவன் எழுதும் கடிதங்களை ஒரு பங்காளி தபால்காரரிடமிருந்து வாங்கி ஒளித்து வைக்கிறான். நாடகத்துக்கு ஏதோ நீளமான பெயர் உண்டு. எங்கள் சந்தில் எல்லோரும் அதைச் ‘சுந்தரம்’ என்றுதான் சொன்னார்கள்.

கோயில் குளத்துக்குத் தெற்கே இருந்த அந்தச் சந்தில் ரேடியோ எங்கள் வீட்டில் மட்டும்தான். இருட்டடிப்பு உத்தரவு இருந்ததால் வியாழன் மாலைகளில் கூடத்து விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வைப்போம். உள்ளே நாங்கள், வெளியே சந்து. நடுவில் ரேடியோவின் மஞ்சள் வெளிச்சம். கமலாவின் மாமியார் கடுமையாக ஒரு வார்த்தை சொன்னால் வெளியிலிருந்து மண்ணை வாரித் தூற்றும் சத்தம் கேட்கும். அது கீரைக்காரம்மா. கமலா தலையில் வைத்துக்கொள்ள என்று ஒரு முழம் மல்லிகைப் பூவை அப்பாவிடம் கொடுத்து, வானொலி நிலையத்தில் சேர்த்துவிடும்படி சொன்னவளும் அவள்தான். அப்பா மறுக்க மனமில்லாமல் வாங்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

சந்து முனையில் வண்டி நிறுத்தும் ஜட்காக்காரர் அவளையும் மிஞ்சியவர். ஒரு நாள் லஸ் முனையில் ஏறிய சவாரி, “ஆழ்வார்பேட்டைக்குப் போப்பா” என்று சொன்ன குரலை அடையாளம் கண்டுகொண்டு வண்டியை நடுத்தெருவில் நிறுத்திவிட்டாராம். பங்காளியின் குரல்.

“எறங்குய்யா. அந்தப் பொண்ணோட காயிதத்த குட்த்துட்டு அப்பால வந்து ஏறு” என்றாராம்.

அந்த மனிதர், தான் பகலில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா என்றும், இது வெறும் நடிப்பு என்றும் எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கிறார்.

“நடிப்போ இன்னாவோ. என் குதிரைக்கு உன்னக் கண்டா ஆவல.”

ஆழ்வார்பேட்டைக்கு அவர் நடந்துதான் போனார். ஜட்காக்காரர் இதைச் சொல்லும்போதெல்லாம் கடைசியில், “குதிரைக்குக் கீற அறிவு அந்தாளுக்கு இல்லியே” என்று வருத்தப்படுவார்.

எங்கள் வீட்டில் இந்த நாடகத்தை மிகவும் கண்டிப்பாகக் கேட்டவள் அத்தை. அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. அவள் இரண்டு வருஷம் ரங்கூனில் குடித்தனம் செய்தவள். சண்டை நெருங்கியதும் அவள் கணவர், எங்கள் அத்திம்பேர், அவளைக் கப்பல் ஏற்றிவிட்டு, ஆபீஸ் வேலையை ஒழுங்கு செய்துவிட்டு வருவதாகச் சொல்லி அங்கேயே தங்கினார். ரங்கூன் விழுந்த பிறகு அவரிடமிருந்து கடிதம் இல்லை. மலைவழியாக நடந்து வந்தவர்களிடம் விசாரித்ததில் ஒருவர் பார்த்ததாகச் சொன்னார். இன்னொருவர் அது வேறு ஆள் என்றார்.

அத்தை அத்திம்பேரின் பெயரைச் சொல்ல மாட்டாள்; அந்த நாளில் எந்த மனைவியும் சொல்ல மாட்டாள். அவரைப் பற்றி அவளிடம் கேட்கவும் யாருக்கும் தைரியம் இல்லை. சுந்தரத்தைப் பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அவளும் தாராளமாகப் பேசுவாள். “அந்த ஊர்ல ஏது காப்பி? டீதான். இந்த நாடகம் எழுதறவன் எழும்பூரைத் தாண்டினதில்லே” என்பாள். பங்காளியைக்கூட அவள் திட்டியதில்லை. கடிதம் என்று ஒன்று வந்ததே, அது போதும் என்பது அவள் கட்சி.

அந்த மாதம் கும்பகோணத்திலிருந்து ஓர் உறவுக்காரப் பெரியவர் வந்திருந்தார். சாப்பிட்டுக் கையலம்பியதும் அப்பாவிடம், “எத்தனை நாள்தான் இப்படிப் பார்த்துண்டு இருக்கறது? சாஸ்திரிகளைக் கேட்டு ஆகவேண்டியதைப் பண்ணிடலாம். அவளையும் ஒரு வார்த்தை கேளு” என்றார். ஆகவேண்டியது என்பது அத்திம்பேருக்குக் காரியம் செய்வது. செய்துவிட்டால் அத்தையின் நெற்றியில் பொட்டு இருக்காது. அப்பா வெற்றிலைத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். அத்தை சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஓசை நின்று, சிறிது நேரம் கழித்து மறுபடி தொடங்கியது.

நாலு நாள் கழித்து, வானொலி நிலையம் வெளியிடும் நிகழ்ச்சிப் பத்திரிகையைச் சித்தப்பா புரட்டிக்கொண்டிருந்தார். பி.ஏ. முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தவர். அந்தப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிக்க அவருக்கு நேரம் இருந்தது. வரும் வியாழக்கிழமைக்கு எதிரே, சுந்தரத்தின் வீரமரணம் என்று அச்சிட்டிருந்தது.

“அக்கா பாதி மனசுல இருக்கா. இதைக் கேட்டான்னா, சரி, பண்ணிடுங்கோன்னு சொல்லிடுவா” என்றார் என்னிடம். ரேடியோவின் பின்பலகையைக் கழற்றும்போது நான் திருகாணிகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சண்டைக்காலத்தில் வால்வு எரிந்துபோனால் வேறு கிடைக்காது. அதனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பது அவர் கணக்கு.

சந்தேகப்படவில்லை. சந்து கலைந்துபோய்விடும் என்று நினைத்ததுதான் தப்பு. ரேடியோ பேசவில்லை என்று தெரிந்ததும் ஜட்காக்காரர் கீரைக்காரம்மாவையும் இன்னும் நாலு பெண்களையும் வண்டியில் அடைத்துக்கொண்டு, லஸ் பக்கத்துப் பூங்காவில் பொது ரேடியோவுக்காக வைத்திருந்த ஒலிபெருக்கிக்கு ஓட்டினார். நாடகம் தொடங்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தார்களாம். திரும்பி வரும்போது பெண்கள் வண்டியில் மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தார்களாம். முனையில் காத்திருந்த சித்தப்பா அத்தனை பேரிடமும் கையெடுத்துக் கும்பிட்டு, அத்தையின் காதில் இது விழக்கூடாது என்று கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை கிணற்றடியில் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, கொல்லைப்புறக் கதவருகே கீரைக்காரம்மா அழும் குரல் கேட்டது. “பாவி மவன் பூட்டானே தாயி, தண்ணிகூடக் குடிக்காம பூட்டானே.” நான் எட்டிப் பார்த்தேன். அத்தை அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லி, ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். கீரைக்காரம்மாவின் மகன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். அவன் கோபித்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டான் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். சித்தப்பாவிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த வியாழன் முதல் சித்தப்பாவும் நானும் பூங்காவுக்குப் போய்வந்தோம். நாடகத்தைக் கேட்டுவந்து அத்தைக்குச் சொல்வது ஏற்பாடு. ரேடியோவில் கமலா நர்ஸ் வேலைக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள். ஆனால் கச்சேரி ரோட்டைத் தாண்டி வீடு வருவதற்குள், சுந்தரம் மலைக்கிராமம் ஒன்றில் உயிரோடு கஞ்சி குடித்துக்கொண்டிருப்பான்.

“சித்தப்பா, சுந்தரம்தான் செத்துட்டானே.”

“ரேடியோல செத்துட்டான். நம்மாத்துல சாகலே. எந்தக் கால்ல காயம்னு சொன்னோம் போன வாரம்?”

“இடது கால். முழங்காலுக்குக் கீழே.”

“அதான் உன்னை அழைச்சுண்டு வரேன்.”

என் வேலை அதுதான். நடந்ததை நடந்தபடி ஞாபகம் வைத்துக்கொள்வது எனக்கு இயல்பு. நடக்காததையும் அதே ஒழுங்கோடு ஞாபகம் வைத்துக்கொள்ள அந்த ஒன்பது வாரங்களில் பழகினேன். முதல் இரண்டு வாரம் பொய் சொல்கிறோமே என்று அத்தையின் கண்ணில் படாமல் தூண் மறைவில் நின்றேன். பிறகு சுந்தரத்தின் கால் ஆறிக்கொண்டு வந்ததில் எனக்கே அக்கறை வந்துவிட்டது.

அத்தை குறுக்குக் கேள்வி கேட்பாள். “மழை பிடிச்சுண்டிருக்குமே, அட்டை கடிக்காதோ?” என்பாள். சித்தப்பா தடுமாறி, அடுத்த வாரம் அட்டை வரும் என்பார். “செருப்பு இருக்கோ அவனுக்கு?” சித்தப்பா எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, இருக்கிறது என்பார். கீரைக்காரம்மாவும் வெள்ளிக்கிழமைதோறும் கூடையை இறக்கி வைத்துவிட்டு, முகத்தில் ஒரு மாறுதலும் இல்லாமல் கேட்பாள்: “சுந்தரம் எப்டி கீறான் தாயி?”

“கால் தேவலையாம். நடக்கறானாம்.”

“நட்ந்தாப் போதும். வந்துடுவான்.”

ஒன்பதாவது வாரம் சித்தப்பாவுக்குப் புனாவில் ராணுவ ஆபீஸ் ஒன்றில் வேலை கிடைத்துவிட்டது. சனிக்கிழமை ரயில். அந்த வியாழன் பூங்காவில் நாடகம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகும் சித்தப்பா பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

“சுந்தரத்தை ஆத்துக்குக் கூட்டிண்டு வந்துடுங்கோ சித்தப்பா” என்றேன்.

“கூட்டிண்டு வந்தா, அக்கா வாசலைப் பார்ப்பா.”

“அப்போ வேண்டாமா?”

“வேண்டாம்னா எங்கே விடறது அவனை?”

வழியில் அவர் ஒன்றும் சொல்லித்தரவில்லை. வீட்டில் அத்தை கூடத்தில் உட்கார்ந்து, அவர் புனாவுக்கு எடுத்துப்போகும் கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா எதிரே உட்கார்ந்து, சுந்தரம் ஓர் ஆற்றைக் கடந்ததாகச் சொன்னார். பிறகு அதே ஆற்றை இன்னொரு தடவை கடந்ததாகச் சொன்னார். பிறகு, “இன்னிக்குச் சரியா காதுல விழலே, அக்கா. ஒரே கூட்டம்” என்றார்.

அத்தை நூலைப் பல்லால் கடித்தாள். “போறது. நான் சொல்றேன்” என்றாள். “அவன் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்துட்டான். ஹௌரா ஸ்டேஷன்ல நின்னுண்டிருக்கான். வண்டியெல்லாம் பட்டாளத்துக்காராளா ரொம்பிப் போறது. டிக்கெட் குடுக்க மாட்டேங்கறா.”

சித்தப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எத்தனை நாள் நிப்பான்?” என்று நான் கேட்டேன்.

“கிடைக்கற வரைக்கும் நிப்பான். என்ன அவசரம்? இங்கே யாரும் எங்கேயும் போயிடலியே.” அவள் கோட்டை மடித்துச் சித்தப்பாவின் மடியில் வைத்தாள். “போறத்துக்கு முன்னாடி உன் சவரப் பெட்டியில இருக்கற அந்த வால்வைத் திரும்பப் போட்டுடு. மன்னி ரேடியோல பாட்டுக் கேட்டு ரெண்டு மாசமாச்சு.”

சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சொல்லவில்லை என்று வேகமாகத் தலையை ஆட்டினேன். அவர் கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அத்தை அவர் தலையை ஒரு தடவை தடவிவிட்டு, “அசடு, தைச்ச இடம் ஈரமாறது பார்” என்றாள்.

சித்தப்பா ரயிலேறிய மறுநாள், அத்தை அப்பாவிடம் வந்து, “கும்பகோணத்துக்கு எழுதிடு அண்ணா, ஒண்ணும் பண்ண வேண்டாம்னு” என்றாள். அப்பா அன்றே எழுதினார். அத்திம்பேரைப் பற்றி எங்களுக்குக் கடைசிவரை ஒரு செய்தியும் வரவில்லை. அத்தை அதன் பிறகு முப்பத்தோரு வருஷம் இருந்தாள். குங்குமப் பொட்டோடுதான் இருந்தாள். சந்தில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கீரைக்காரம்மா கிழவியாகித் தெருவுக்கு வருவதை நிறுத்தும்வரை, “வண்டி கெட்ச்சுதா தாயி?” என்று நடுநடுவே கேட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கு மட்டும் அந்தக் கடைசி வியாழன் இரவு பெரிய ஏமாற்றம். ஒன்பது வாரம் காட்டிலும் மலையிலும் நடத்திக் கூட்டிவந்தவனை வீட்டுக்குள் அழைக்காமல், ஸ்டேஷனில் நிற்கவைத்து யாராவது கதையை நிறுத்துவார்களா? அத்தைக்குக் கதை முடிக்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டே தூங்கப் போனேன்.