மேகத்துக்குள் ஒரு சிகரம், இரண்டு டிக்கெட்

டிராவல் ஏஜென்சியில் டிக்கெட் போடுகிறவளுக்கு உலகமே விரல் நுனியில் இருக்கும். அவள் மட்டும் எங்கேயும் போயிருக்க மாட்டாள். கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் நடுவில், அமெரிக்காவில் நம்மவர்கள் நிறைந்த எடிசன் ஊரின் ஓக் ட்ரீ ரோட்டில், புடவைக் கடைக்கு மாடியில் எங்கள் ஆபீஸ். நான் கூச்ச சுபாவம் என்று தெரிந்தும் முதலாளி பாய் என்னைத்தான் போனில் உட்காரவைத்தார்.

விலைபோகாத மலை

அந்தக் கோடையில் பாய் அலாஸ்கா டூர் ஆரம்பித்தார். வடகோடியில் ரோடே போகாத மலைத்தொடர். அதில் ஒரு சிகரத்தைச் சின்ன விமானத்தில் சுற்றிக் காட்டுவார்கள். போஸ்டர் ஒட்டினோம். சென்னைக்கு டிக்கெட் வாங்க வந்த சாஃப்ட்வேர்க்காரர் ஒருவர் அதை வெகுநேரம் பார்த்தார். எனக்கு நம்பிக்கை வந்தது.

"ஜனவரில எங்க டிரைவ்வேக்கு வாங்க மேடம். பனியை இதைவிடப் பெரிய மலையா ஷவல் பண்ணிக் குவிச்சு வச்சிருப்பேன், ஃப்ரீயாவே பாக்கலாம்."

பெயர் சொல்லிக் கேட்டவர்கள்

சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு அங்கிளும் ஆன்ட்டியும் சிகரத்தின் பெயரைச் சொல்லியே கேட்டார்கள். பாய் முகம் மலர்ந்து நாற்காலி இழுத்துப் போட்டார். பிறகுதான் தெரிந்தது. போன வருஷம் ஆபீஸ் நண்பர்களோடு அங்கே ஏறப்போன அவர்கள் மகன் பாலு பனிச்சரிவில் போய்விட்டான். உடல் கிடைக்கவில்லை. தர்ப்பையில் உருவம் செய்து எரித்துக் காரியத்தை முடிக்கலாம் என்று ஊரில் அய்யர் சொல்லிவிட்டார். அங்கிளும் சம்மதித்துவிட்டார். ஆன்ட்டிதான் விடவில்லை.

"அவன் இருக்கற எடத்தை நான் பாக்கணும். அதுக்கப்புறம் புல்லை எரிங்க, என்ன வேணா பண்ணுங்க."

வெதர்

இருவருக்கும் டிக்கெட் போட்டு அனுப்பிவைத்தேன். அலாஸ்காவில், ஃபேர்பாங்க்ஸ் மோட்டலிலிருந்து தினமும் அங்கிள் போன் பண்ணுவார். மேகம், விமானம் கிளம்பவில்லை என்பார். நான் ரிட்டர்ன் டிக்கெட்டைத் தள்ளிப்போடுவேன். ஒருநாள் கிளம்பிய விமானமும் பாதியில் திரும்பியது. விசா முடியப்போகிறது. வெதர் என் கையில் இருப்பதுபோல நான் சாரி சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"நீ ஏம்மா சாரி சொல்றே? இவ என்னடான்னா, மேகம்னு சொன்ன அன்னிக்குத்தான் ரெண்டு வாய் சாப்பிடறா."

தெளிந்த வானம்

கடைசியில் வானம் தெளிந்து, விமானம் அவர்களைச் சிகரத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு வந்தது. அங்கிள் போனில் சொன்னதைக் கேட்டதும் பாய் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். எனக்கும் ஏதோ சாதித்துவிட்டதுபோல இருந்தது. ஊருக்குப் போகும் டிக்கெட்டை வாங்க இருவரும் வந்தபோது, கூச்சத்தை விட்டு நானே கேட்டேன், நன்றாகத் தெரிந்ததா என்று. ஆன்ட்டி பாஸ்போர்ட்டைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தார்.

"தெரிஞ்சுதும்மா. மேகம் மூடியிருந்த வரைக்கும் உள்ள எங்கயாவது ஒதுங்கி உக்காந்திருப்பான்னு நெனச்சிட்டிருந்தேன். ஒதுங்கறதுக்கு அங்க ஒரு எடம் இல்லம்மா."

கேட்ட இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் எங்கள் தொழில். போகாமலே இருந்திருக்கலாம் என்று சொல்ல எங்கள் கம்ப்யூட்டரில் ஒரு கீகூடக் கிடையாது.