யாக்கீம் தலையில் உட்காராத ஈ

எரிகோவில் பேரீச்ச மரங்களில் ஏறி ஓலை கழிக்கும் யாக்கீம், வருடத்தில் இரண்டே இரண்டு நாள் எருசலேம் ஆலயத்தில் ஆசாரியன். அவன் குடும்பத்துக்கு முறை அவ்வளவுதான். ஆனால் வருடம் முழுக்க மரத்தின் உச்சியிலிருந்தும் ஆசாரிய மிடுக்கோடுதான் பேசுவான்.

இருபத்தாறு வருடமாக அவனுக்கு ஒரே ஆசை. ஒரு தடவையாவது உள்ளே போய்த் தூபம் போட்டுவிட வேண்டும். அதற்குச் சீட்டு விழ வேண்டும். ஒருமுறை போட்டவன் மறுபடி போட்டியில் நிற்க முடியாது. அதனால் ஒவ்வொரு முறையும் நேற்று மீசை முளைத்தவர்களோடு இவன் நிற்பான். அவர்கள் உள்ளே போவார்கள், இவன் ஆட்டுத்தோல் உரிக்கப் போவான்.

இதற்கு நடுவே தலை வேறு கைவிட்டது. வழுக்கை விழுந்தவன் பலிபீடத்தில் ஊழியம் செய்யக்கூடாது என்பது சட்டம். பின்மண்டையில் ஒரு காதிலிருந்து மறுகாது வரை ஒரு கோடாவது முடி ஓட வேண்டும். ஓடினால் பலிபீடம். அறுந்தால் விறகறை. அங்கே உட்கார்ந்து விறகில் புழு பார்க்க வேண்டும், புழு அரித்த கட்டை பலிபீடத்துக்கு ஆகாது. அந்த வசந்தத்தில் யாக்கீமின் கோடு நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு அறுந்துபோனது.

"நல்லாப் பாரு, ஒண்ணு ரெண்டு இருக்கும்," என்று மனைவி எமீமாளிடம் கழுத்தை நீட்டினான்.

"இருந்துச்சு. போன வாரம் தலையணையில பாத்தேன்."

"விளையாடாத. இந்தத் தடவை விட்டா எனக்குப் புழுதான்."

குரல் உடைந்ததைக் கேட்டதும் அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கொல்லையில் நின்ற கறுப்பு ஆட்டின் மயிரைக் கொஞ்சம் நறுக்கி, பேரீச்சந்தேனில் தோய்த்து, அந்த இடைவெளியில் ஒட்டிப் பார்த்தாள். கச்சிதமாக இருந்தது.

"அங்க போய், குளிச்ச பிறகு ஒட்டிக்குங்க. தலைப்பாகைய மட்டும் கழட்டிடாதீங்க."

முறைநாள் காலையில் கல்மண்டபத்தில் பதின்மூன்று பேர் வட்டமாக நின்றார்கள். சீட்டு என்பது பேருக்குத்தான். ஆளுக்கொரு விரல் நீட்ட வேண்டும். மேற்பார்வையாளர் நெத்தானியா ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு, யாராவது ஒருவனுடைய தலைப்பாகையைத் தூக்குவார். அவனிலிருந்து விரல்களை எண்ணிக்கொண்டே போய், எண் யாரிடம் முடிகிறதோ அவனுக்குத் தூபம். இத்தனை வருடத்தில் யாக்கீமின் தலைப்பாகையை யாரும் தூக்கியதில்லை.

"நாப்பது," என்றார் நெத்தானியா. யாக்கீமின் தலைப்பாகையைத் தூக்கினார்.

தேன் சும்மா இருக்குமா? மூன்றாவது விரலை எண்ணும்போதே ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. இத்தனை ரத்தமும் இறைச்சியும் இருந்தும் இந்த ஆலயத்தில் ஈயே கிடையாது, இது ஆண்டவரின் அற்புதம் என்று வருகிற யாத்திரிகர்களிடமெல்லாம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்பவர் நெத்தானியா. அந்த ஈ யாக்கீமின் காதோரத்தில் நடையைத் தொடங்கி, முடிக்கோட்டின் மேலேயே போய், ஒட்டுப்போட்ட இடத்தில் நின்று நிதானமாகச் சாப்பிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். நெத்தானியா தடுமாறித் தடுமாறி எண்ணி முடித்தார். மூன்று சுற்று போய், நாற்பது யாக்கீமிடமே வந்து நின்றது.

நெத்தானியா அவன் பின்னால் போய்க் குனிந்து வெகுநேரம் பார்த்தார். தேன் வாசனை அவர் மூக்குக்கும் எட்டியிருக்க வேண்டும்.

"உன் தலையில ஏதாச்சும் உக்காந்திருக்கா?" என்று காதோரம் கேட்டார்.

யாக்கீம் தலையை அசைக்காமல் சொன்னான்: "நீங்கதான் சொல்லணும், ஐயா."

"இங்க ஈ கிடையாது."

"கிடையாதுங்க."

"ஈ இல்லன்னா தேனும் இல்ல. தலைப்பாகையக் கட்டிட்டுப் போ."

உள்ளே தனியாக நின்றபோதுதான் பயம் பிடித்தது. தூபத்தில் தேன் ஒரு துளியும் சேரக்கூடாது என்பது சட்டம். தணலின் சூட்டில் தலைத்தேன் இளகத் தொடங்கியிருந்தது. முன்பக்கமாக ஒரு சொட்டு விழுந்தால் எல்லாம் போச்சு. யாக்கீம் மோவாயை மேலே தூக்கி, முகட்டைப் பார்த்தபடியே தூபத்தைத் தூவினான். புகை எழுந்தது. தேன் முதுகுப்பக்கம் இறங்கியது, ஆட்டுமயிரும் கூடவே போனது. இருபத்தாறு வருடம் ஒத்திகை பார்த்த ஜெபத்தில் ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை.

"ஆண்டவரே, நெத்தானியா ஐயா பின்னாலேருந்து பாத்தாரு. நீரு எப்பவுமே மேலேருந்துதான் பாக்கிறீரு," என்றான்.

எல்லாம் தெரிந்தும் ஆண்டவர் உள்ளே விட்டிருக்கிறாரே என்று நினைத்ததும் தேம்பித் தேம்பி அழுதான். பிறகு கேட்டவர்களிடம் புகை என்று சொன்னான்.

வெளியே வந்து நேராக நெத்தானியாவிடம் போனான். "முடி அறுந்துபோச்சு, ஐயா."

"எப்ப?"

"இப்பத்தான். உள்ள சூடு ஜாஸ்தி."

நெத்தானியா விறகறைப் பக்கம் கையைக் காட்டினார்.

அதற்குப் பிறகு முறை வரும்போதெல்லாம் யாக்கீம் தலைப்பாகை இல்லாமல் அங்கே உட்கார்ந்து புழு பார்த்தான், ஆசாரியப் பங்கு இறைச்சியைக் குறையில்லாமல் தின்றான். சில வருடம் கழித்து, நெத்தானியா ஒரு யாத்திரிகர் கூட்டத்தோடு விறகறை வாசலில் வந்து நின்று ஈ இல்லாத அற்புதத்தை விவரித்துக்கொண்டிருந்தார். அப்போது யாக்கீமின் உச்சியில் ஓர் ஈ இருந்தது. விரட்டக் கையைத் தூக்கினால் எல்லோரும் பார்ப்பார்கள். கடைசி யாத்திரிகர் நகரும்வரை அவன் அசையவில்லை. வழுக்கையில் ஈ நடந்தால் எப்படிக் கூசும் என்பது வழுக்கைக்காரனுக்குத்தான் தெரியும்.