செத்தவன் எழுந்து டீ கேட்ட படம்

இன்று ராஜபாளையத்தில் கதீஜா அக்காவோடு ஒரு டப்பிங் யுத்தப் படம் பார்த்தேன்.

அக்கா எங்கள் தெரு. பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை. மகன் எல்லையில் சிப்பாய். "பட்டாளம் எப்படி இருக்கும்னு ஒரு எட்டுப் பாத்துட்டு வருவோம் டீச்சர்" என்று அவர்தான் கூப்பிட்டார்.

படத்தில் குண்டு விழ விழ அதிகாரிகள் நடனம் ஆடினார்கள். சுடப்பட்டுச் செத்த சிப்பாய், பாட்டு முடிந்ததும் எழுந்து டீ கேட்டான்.

ஆண்கள் பக்கம் பாதி விசில், பாதி கூச்சல். "ஏலே ஆபரேட்டரு, ரீலை மாத்திப் போட்டுட்டியா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"ஏட்டி, சாவுல என்னட்டி சிரிப்பு?" என்று பின் வரிசையிலிருந்த ஒரு பெரியம்மா அதட்டினாள். அக்கா திரும்பவே இல்லை.

வெளியே வரும்போது சொன்னார்: "மத்தது ஒண்ணும் வெளங்கல டீச்சர். செத்தவன் எந்திரிச்சு டீ கேட்டாம்லா, அதுக்காவ நாளைக்கும் வாரேன்."

வாசல் போஸ்டரில் அப்போதுதான் 'இன்றே கடைசி' ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அது அக்கா கண்ணில் படாமல், அவரைச் சைக்கிள் ஸ்டாண்டு வழியாகக் கூட்டி வந்துவிட்டேன்.

உங்கள் ஊரில் இந்தப் படம் ஓடினால் சொல்லுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டியிருந்தாலும் பரவாயில்லை, இரண்டு பேர் வருவோம்.