ஒன்றும் மூன்றும் ஒரே ஒயின்

இறைச்சிக் கடையில் வேலை பார்க்கிறவளுக்கு மூக்கு மழுங்கிப்போயிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இவள் விஷயத்தில் நேர்மாறு. குளிரறைக் கதவைத் திறந்த கையோடு, எந்தக் கொக்கியில் தொங்கும் தொடையை இன்றைக்கே விற்றாக வேண்டும் என்று சொல்லிவிடுவாள். கடையில் வைத்த பெயர் மூக்கி. அதுவே எல்லோர் வாயிலும் நிலைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளுக்கு விடுமுறை. ரயில் பட்டறைக்குப் பின்னால் இரண்டே அறை கொண்ட ஒரு ஒயின் பார் இருந்தது. நடத்துகிறவள் கடைக்காரம்மா, சிரிக்க ஆரம்பித்தால் மூச்சு வாங்கும் பெரிய உடம்புக்காரி. ஞாயிறு மதியம் வெளியாட்கள் வரமாட்டார்கள் என்பதால் அந்த நேரத்தை அவள் நண்பர்களுக்கு ஒதுக்கியிருந்தாள். ஆளுக்கொரு பாட்டிலோடு வருவார்கள். பெயர் தெரியாமலிருக்கப் பாட்டிலுக்குத் தடிமனான காலுறை மாட்டி, கழுத்தில் நம்பர் ஒட்டிவிடுவார்கள். பிறகு ஊற்றி, முகர்ந்து, உறிஞ்சி, எந்தத் திராட்சை, எத்தனை வயது, எந்த மண் என்று சண்டை போடுவார்கள். கண்கட்டு ஆட்டம் என்று அதற்குப் பெயர். தோற்றவர் எல்லாக் கோப்பைகளையும் கழுவ வேண்டும்.

அந்த மேசையில் கணக்கு வாத்தியார் ஒருவர் உண்டு. எதைக் குடித்தாலும் பென்சில் சீவல் வாசனை என்பார். "வாத்தியாரே, அது ஒயின் இல்ல, உங்க சட்டைப்பை" என்று மூக்கி வாரிவிடுவாள். நாலாவது ஆளாக வந்து சேர்ந்தவள் அண்ணி.

அண்ணி என்றால் மூக்கியின் சொந்த அண்ணன் மனைவிதான். பெண்களுக்கு முடி வெட்டும் கடையில் வேலை. மூக்கி முதல் தடவை அழைத்து வந்தபோது, வெயில் காலத்தில் கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு, கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி ஓரமாக உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் சுற்றில் மெல்ல, "இது சூடான கல்லுல தண்ணி தெளிச்ச மாதிரி இருக்கு, இல்ல?" என்றாள். கடைக்காரம்மா காலுறையை உருவினாள். மலைச்சரிவில், பாறை மண்ணில் விளைந்த வெள்ளை ஒயின். "இத்தனை நாளா எங்கம்மா இருந்தீங்க?" என்றார் வாத்தியார். அண்ணி சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து மூக்கி அதற்கு முன் பார்த்ததில்லை.

கழுத்துத் துணிக்கு அடியில் என்ன இருந்தது என்று மூக்கி கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது. அண்ணனோடு ஒரே கூரைக்குக் கீழே வளர்ந்தவள் அல்லவா.

அவர்கள் அப்பா பெல்ட்டால் அடிப்பவர். பெல்ட்டுக்கும் மூக்கிக்கும் நடுவில் எப்போதும் அண்ணன்தான் வந்து நிற்பான். முதுகைக் காட்டிக்கொண்டு, தங்கையைச் சுவரோடு அணைத்து, எல்லா அடியையும் அவனே வாங்குவான். மீசை அரும்பிய வயதில் ஒருநாள் திரும்பி நின்று அப்பாவின் வாயில் குத்தினான். முன்பல் இரண்டும் தரையில் விழுந்தன. அதன்பின் அந்த வீட்டில் பெல்ட் இடுப்பை விட்டு இறங்கவில்லை. அடித்தால் வீடு அமைதியாகும் என்று அன்றைக்கு அவன் படித்த பாடத்தைக் கடைசிவரை மறக்கவே இல்லை.

ஒரு ஞாயிறு அண்ணி கோப்பையைத் தூக்கியபோது சட்டைக் கை விலகியது. முழங்கைக்கு மேல் நான்கு விரல் பதிந்த நீலம். மறுநாள் மூக்கி லாரி நிறுத்தும் கொட்டகைக்குப் போனாள். அண்ணன் சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணி மேல கை வைக்காதே" என்றாள்.

"அவ சொன்னாளா?"

"யாரும் சொல்லணுமா? எனக்குக் கண்ணு இல்லையா?"

அண்ணன் காற்றுக் குழாயைக் கீழே போட்டான். அருகில் வந்து அவள் கன்னத்தைத் தட்டினான். செல்லமாகத் தட்டுவது போலத்தான் இருந்தது. ஆனால் காது அடைத்துக்கொண்டது.

"நீ யாருக்குத் தங்கச்சி?" என்று கேட்டான். "எனக்கா, அவளுக்கா?"

மூக்கி அடைத்த காதைத் தேய்த்தாள். அவன் சிரித்தான்.

அடுத்த ஞாயிறு, பாட்டில்களுக்கு நம்பர் ஒட்டி முடித்த நேரத்தில் பாரின் கதவு திறந்தது. அண்ணன் நின்றான். குளித்து, தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்திருந்தான்.

"என் பொண்டாட்டியும் தங்கச்சியும் வாராவாரம் எங்க போறாங்கன்னு பாக்கலாம்னு வந்தேன். எனக்கும் ஒரு கோப்பை கிடைக்குமா?"

கடைக்காரம்மா மூக்கியைப் பார்த்தாள். மூக்கி அண்ணியைப் பார்த்தாள். அண்ணியின் முகத்தில் இரத்தமே இல்லை. இருந்தும் அவள்தான் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அவன் நன்றாகப் பேசினான். மலைப்பாதையில் பிரேக் பிடிக்காத லாரியை இறக்கிய கதையைச் சொன்னான். வாத்தியார் வாய்விட்டுச் சிரித்தார். புலி பதுங்குவது எதற்கென்று தெரிந்தவர்கள் மேசையில் இரண்டு பேர்தான்.

அன்றைக்கு மூன்று பாட்டிலையும் கடைக்காரம்மாவே வைத்திருந்தாள். மூன்றையும் ஊற்றியாயிற்று. அண்ணன் முதலாவதைக் குடித்து முகத்தைச் சுளித்தான். "பாட்டரி தண்ணி." இரண்டாவதைப் பரவாயில்லை என்றான். மூன்றாவதை வாயில் வைத்துச் சுழற்றி, கண்ணை மூடி, "இதுதான் ஒயின். இது ராஜா குடிக்கிறது. முதல்ல ஊத்தினது ராஜாவோட குதிரைக்கு" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள்.

அண்ணி ஒன்றாவதை மறுபடி முகர்ந்தாள். மூன்றாவதையும் முகர்ந்தாள். அந்த நேரத்தில் அவள் யாருக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதையே மறந்துவிட்டாள் போலிருக்கிறது. ஆட்டத்தின் ருசி அப்படி.

"ஒண்ணும் மூணும் ஒரே ஒயின்தான்" என்றாள்.

கடைக்காரம்மா இரண்டு காலுறைகளையும் உருவினாள். இரண்டு பாட்டிலிலும் ஒரே பெயர்ச்சீட்டு. அவள் வருஷத்துக்கு ஒருமுறை செய்கிற குறும்பு அது. மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். வாத்தியார் மேசையைத் தட்டிச் சிரித்தார். அண்ணியும், தன்னையறியாமல், சிரித்தாள்.

அண்ணனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே கையை நீட்டி, கோப்பையைப் பிடித்திருந்த அண்ணியின் வலது கையைத் தன் கைக்குள் பொத்தினான். பாராட்டுகிறான் என்றே வாத்தியார் நினைத்தார். அவன் இறுக்கினான். கோப்பை நொறுங்கும் சத்தம் கைக்குள்ளிருந்து கேட்டது. அவன் விடவில்லை. இன்னும் இறுக்கினான். விரல் இடுக்குகளில் சிவப்பு வழிந்தது. எது ஒயின், எது இரத்தம் என்று தெரியவில்லை. அண்ணி கத்தவில்லை. வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. கத்தாமல் இருக்கப் பழகிய வாய்.

"சிரி" என்றான் அவன். "இப்ப சிரியேன், பாப்போம்."

மூக்கி இரண்டாம் நம்பர் பாட்டிலைக் காலுறையோடு எடுத்து அவன் தலையின் பக்கவாட்டில் இறக்கினாள். அவன் நாற்காலியோடு சரிந்தான். ஆனால் லாரிக்கார உடம்பு. விழுந்த வேகத்திலேயே எழுந்தான். காதிலிருந்து இரத்தம் ஒழுக, தங்கையை இரண்டு கையாலும் கழுத்தோடு பிடித்துத் தூக்கி, கல்லா மேடையின் கல் விளிம்பில் மோதினான். அவள் பின்மண்டை விளிம்பில் பட்ட ஓசை கேட்டு வாத்தியார் காதைப் பொத்திக்கொண்டார். மறுபடி மோதினான். கடைக்காரம்மா ஸ்டூலைத் தூக்கி அவன் முதுகில் அடித்தாள். அவன் ஒரு கையை எடுத்து அவளைத் தள்ளிவிட்டான். அந்த ஒரு கை விலகியது போதுமாயிருந்தது.

கழுத்தில் இருந்த மற்றொரு கையை மூக்கி பிடித்தாள். இறைச்சி வெட்டுகிறவளுக்கு எலும்பை உடைக்கத் தேவையில்லை. மூட்டு எங்கே பிரியும் என்று தெரியும். முழங்கையை நேராக நீட்டவைத்து, தன் தோளை அடியில் கொடுத்து, மணிக்கட்டைக் கீழே இழுத்தாள். நனைந்த விறகு முறிகிற மாதிரி ஒரு ஓசை. அண்ணன் முட்டி போட்டு விழுந்தான்.

சண்டை அங்கே முடிந்துவிட்டது. அவள் முடிக்கவில்லை. விழுந்தவனின் முதுகில் முட்டியை ஊன்றி, தொங்கிய கையை மறுபடி முறுக்கினாள். அவன் அலறினான். சின்ன வயதில் பெல்ட் விழும்போதுகூட அவன் அலறி அவள் கேட்டதில்லை. அந்த அலறல் அவளுக்கு இனித்தது. இன்னொரு முறை கேட்க வேண்டும் போலிருந்தது. முறுக்கினாள்.

"போதும்." கிழிந்த கையை மார்போடு அணைத்தபடி அண்ணி அவளருகில் மண்டியிட்டிருந்தாள். "மூக்கி, போதும். விடு. என்னைப் பாரு."

மூக்கி விட்டாள். பிறகு தரை அவளை நோக்கி எழுந்து வந்தது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது காவல்துறை அதிகாரி ஒருவர் வாத்தியாரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "கையை முறிச்சது சண்டைக்குள்ளயா, சண்டை முடிஞ்ச பிறகா?"

"சண்டைக்குள்ள" என்றார் வாத்தியார். கண் இமைக்கவில்லை. கடைக்காரம்மாவும் அதையே சொன்னாள். மூக்கி கண்ணை மூடிக்கொண்டாள்.

அம்மா வந்தாள். மகன் படுத்திருந்த வார்டுக்குப் போய்விட்டு, திரும்பும் வழியில் மகளின் அறை வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"உனக்காக அவன் வாங்கின அடி எத்தனைடி? அதுக்குக் கைம்மாறா இது?"

"இல்லம்மா. அது வேற, இது வேற."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு அம்மா போனாள். அதன்பிறகு மகளோடு பேசவில்லை.

ஒரு காலையில் நர்ஸ் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். மூக்கி ஒரு வாய் குடித்துவிட்டு, "கசக்குற வெந்நீர் எதுக்கு?" என்றாள். நர்ஸ் கோப்பையை எட்டிப் பார்த்தாள். கறுப்பாகத்தான் இருந்தது. மருத்துவர் வந்து மூக்கருகில் சோப்பு, எலுமிச்சைத் தோல், மருந்துப் பஞ்சு என்று ஒவ்வொன்றாக நீட்டினார். எதுவுமே இல்லை. சுவரை முகர்கிற மாதிரி இருந்தது.

"பின்மண்டையில அடி பட்டா மூளை முன்பக்கம் போய் மோதும்மா. வாசனை நரம்பெல்லாம் நூல் மாதிரி. அறுந்துபோச்சுன்னா சில பேருக்கு மறுபடி வளரும்."

"எனக்கு?"

"பொறுத்துப் பாக்கணும்."

பொறுத்துப் பார்த்தாள். வரவில்லை.

அண்ணனுக்குச் சிறை. அண்ணிக்கு விவாகரத்து. அண்ணி துணிமணியோடு மூக்கியின் வீட்டுக்கு வந்துவிட்டாள். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. கத்தரி பிடிக்க முடியாமல், கடையில் தலை அலசிவிடும் வேலைக்கு மாறினாள். மூக்கியின் கடை முதலாளி அவளைக் குளிரறைப் பொறுப்பிலிருந்து எடுத்து வெட்டும் மேசையிலேயே நிறுத்தினார். பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.

பாருக்குப் போக மூக்கி மறுத்துவந்தாள். "நீ வரலைன்னா நானும் போகல" என்று அண்ணி அடம்பிடித்ததால் ஒருநாள் போனாள். முதல் கோப்பையை உறிஞ்சினாள். ஒரு புளிப்பு, ஒரு சூடு, அவ்வளவுதான். வாத்தியார் பழக்க தோஷத்தில் "பென்சில் சீவல்" என்றார். மூக்கி எழுந்து கோப்பையைச் சுவரில் விட்டெறிந்தாள். அடுத்ததையும் எறிந்தாள். கடைக்காரம்மா தடுக்கவில்லை, மூன்றாவதைத் தானே எடுத்து அவள் கையில் கொடுத்தாள். அதை மூக்கி எறியவில்லை. கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, துடைப்பத்தை வாங்கிக் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டினாள்.

அதன்பின் வாரம் தவறாமல் போனாள். வாசனையைப் பற்றி மற்றவர்கள் பேசுவார்கள். அவள், "ஈறைப் பிடிச்சு இழுக்குது", "நாக்குல மாவு மாதிரி படியுது", "தொண்டையில கீறுது" என்று சொல்லுவாள். பெரும்பாலும் தோற்று, கோப்பை கழுவுவாள்.

தண்டனை முடிந்து அண்ணன் ஒரு சனிக்கிழமை இறைச்சிக் கடைக்கு வந்தான். கூட்டம் கலையும்வரை வாசலிலேயே நின்றான். பிறகு மேசைக்கு எதிரே வந்தான். இடது கை, மடக்கி வைத்த குடை போல, நீளாமல் உடம்போடு ஒட்டியிருந்தது.

"லாரி ஓட்ட முடியல" என்றான்.

மூக்கி விலா எலும்புகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"ராத்திரில வலிக்குது. அப்பா அடிச்சதெல்லாம் இப்படி வலிச்சதே இல்ல."

"எனக்கும் உன்னால ஒண்ணு போச்சு" என்றாள் அவள். "கேள்விப்பட்டிருப்பே."

"அவ உன்கூடத்தான் இருக்காளா? ஒரு தடவை பேசணும். பேசத்தான்."

மூக்கி கத்தியை மேசையில் குத்தி நிறுத்தினாள். பலகையில் அது அசையாமல் நின்றது.

"எங்க வீட்டுத் தெருவுக்குள்ள நீ கால் வச்சா, இன்னொரு கையையும் எடுத்துடுவேன். அன்னைக்கு அண்ணி நிறுத்தினாங்க. அடுத்த தடவை யார் சொன்னாலும் நிறுத்த மாட்டேன்."

தங்கையின் முகத்தை அவன் நீண்ட நேரம் பார்த்தான். அவள் மிரட்டுகிறாளா, உண்மையாகச் சொல்கிறாளா என்று அவனைவிட நன்றாகத் தெரிந்துகொள்ளக்கூடியவர் யாரும் இல்லை. மேசைக்கு இந்தப் பக்கம் காறித் துப்பிவிட்டு வெளியே போனான். அவன் தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு அவள் கத்தியைப் பலகையிலிருந்து பிடுங்கினாள். முதலாளி ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

மாலையில் வீட்டுக்குப் போய் அண்ணியிடம் சொன்னாள். அண்ணி காய வைத்த துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தாமல் கேட்டாள்.

"கை எப்படி இருந்துச்சு?"

"நீட்ட முடியல. வளைஞ்சே இருக்கு."

அண்ணி கையிலிருந்த துண்டை மடித்து முடித்தாள். அடுத்ததை எடுத்தாள்.

"அப்படியே இருக்கட்டும்" என்றாள்.