எருக்கலம்பிட்டியில் நான் தவறாகப் பெயர் வைத்த படம்

மன்னாருக்குப் போகிறவர்கள் அடி பருத்த அந்தப் பெரிய பெருக்குமரமும் கழுதைகளும் பார்க்கப் போவார்கள். நானும் அவற்றைப் பார்த்தேன், ஆனால் அதற்காகப் போகவில்லை. என்னைக் கூப்பிட்டது ரிஸ்வானா டீச்சர். எருக்கலம்பிட்டியில் ஒரு பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறார். வவுனியாவில் ஒரு பயிற்சிப் பட்டறையில் பழக்கமானவர். பிள்ளைகளின் படங்களில் பன்னிரண்டை ஒரு தொண்டு நிறுவனம் கொழும்பில் கண்காட்சிக்கு வைக்கப் போகிறது, தெரிந்தெடுத்துத் தலைப்பும் எழுதித் தர வர முடியுமா என்று கேட்டார். முப்பது வருடம் யாழ்ப்பாணத்தில் சித்திரம் படிப்பித்து ஓய்வுபெற்றவன் நான். கையெழுத்து வடிவு என்று ஒரு பெயரும் உண்டு.

உண்மையைச் சொன்னால், யார் எதற்குக் கூப்பிட்டிருந்தாலும் போயிருப்பேன். மகளின் பிரசவத்துக்கென்று கனடா போன மனைவி, ஆறு மாதம் என்று சொல்லிப் போனவள், இரண்டு வருடமாக அங்கேதான். பேரன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கட்டும், வாறன் என்கிறாள். வீட்டில் நானும் ரேடியோவும்தான்.

போர் முடிந்து நாலாவது வருடம், புரட்டாதி மாதம். யாழ்ப்பாணத்தில் காலை ஆறு மணிக்கு பஸ். சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி வழியாக மன்னாருக்கு ஏறக்குறைய நூற்றிருபது கிலோமீற்றர், அப்போது 190 ரூபா. பூநகரிக்குப் பிறகு பாதி வழி றோட்டு வேலை நடந்துகொண்டிருந்தது, முதுகு நோ உள்ளவர்கள் முன் இருக்கையைப் பிடியுங்கள். இருபுறமும் தகரக் கொட்டில்கள், பாதி எழும்பின கல்வீடுகள், கூரையில்லாத பழைய சுவர்கள். பக்கத்து இருக்கைக்காரர் ஏறினதிலிருந்து நித்திரை. வழி முழுக்க நான் பேசியது கொண்டக்டரிடம் "மன்னார் ஒண்டு" என்றது மட்டும்தான்.

பாலத்தால் தீவுக்குள் நுழையும்போது இரண்டு பக்கமும் கடல் ஆழமில்லாமல் கிடந்தது. பட்டணத்திலிருந்து எருக்கலம்பிட்டிக்கு ஓட்டோ 350 ரூபா. சாரதி ஓலைத்தொடுவாய்க்காரர். கண்ணாடிக்கு மேலே அந்தோனியார் படம் ஒட்டியிருந்தார். வெயிலில் முகம் வெளிறிப்போக, கண்ணையும் வாயையும் தானே பேனையால் திருத்தியிருந்தார். அந்தப் படம் இல்லாமல் ஓட்டோவை வெளியில் எடுப்பதில்லையாம்.

பாடசாலை மண்டபத்தில் கயிறு கட்டி அறுபது படங்கள் வரை கொழுவியிருந்தார்கள். கணக்கு ஓடாத பிள்ளைக்குத்தான் சித்திரம் என்பது அதிபரின் எண்ணம். அடுத்த வருடம் அந்தப் பாடத்தையே நிறுத்தலாமா என்று யோசிக்கிறாராம். கொழும்புக்குப் படம் போனால் அவர் மனம் மாறும் என்று டீச்சர் நம்பினார். அதைச் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

நான் தனியே நின்று பார்த்தேன். வீடு, கிணறு, தோணி, பள்ளிவாசல், தென்னை. அறுபதில் ஒன்றில்கூட மனிதர் இல்லை. தொண்ணூறாம் ஆண்டு துப்பாக்கி முனையில் முஸ்லிம் சனம் முழுவதும் வெளியேற்றப்பட்ட ஊர் இது. புத்தளத்தில் அகதிக் கொட்டிலில் வளர்ந்தவர்களுடைய பிள்ளைகள் கீறிய படங்கள். அந்த வெறுமையைத்தான் கீறியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பன்னிரண்டைத் தெரிந்தெடுத்து, அட்டைகளில் தலைப்பு எழுதினேன். 'வெறும் கடற்கரை', 'ஆளில்லாத தோணி'. எல்லாவற்றிலும் திறமான படம் ஒரு தகரக் கூரை வீடு. நீலக் கதவு, தண்ணீர்த் தாங்கி, சுவரில் வெள்ளையால் வீட்டு இலக்கம், வாசலில் சின்னச் சின்னக் கற்கள். அதற்கு 'யாருமில்லாத வீடு' என்று எழுதினேன். நிறுவனத்திலிருந்து வந்திருந்த இளைஞர் வாசித்துவிட்டு, கண்காட்சியின் கருப்பொருளே 'இழப்பு'தான், பொருத்தமாக இருக்கிறது என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

பாடசாலை விட்ட பிறகு பெற்றோர் பார்க்க வந்தார்கள். கருவாட்டு வியாபாரி நஸீர், பதினொரு வயது மகள் ஸபீனாவோடு வந்தார். நீலக் கதவுப் படத்துக்கு முன்னால் நின்று அட்டையை வாசித்தார். யார் எழுதியது என்று விசாரித்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். கோபப்படவில்லை.

"சேர், இது எங்கட வீடு. நம்பர் வரைக்கும் கீறியிருக்கிறா. யாருமில்லாத வீடெண்டு நீங்க எழுதிக் கொழும்புக்கு அனுப்பினா, இருபத்திமூண்டு வரியத்துக்குப் பிறகு வந்து குந்தியிருக்கிற நாங்க ஆர்?"

பிறகு விளங்கப்படுத்தினார். இங்கே பதிந்துவிட்டுப் புத்தளத்திலேயே இருப்பவர்களும் உண்டு. அதனால் வீடு பார்க்க அதிகாரிகள் வருவார்கள், பூட்டிக் கிடந்தால் கல்வீடு கட்டித்தரும் பட்டியலிலிருந்து பெயரை வெட்டிவிடுவார்கள். அவரும் இரண்டு தரம் அயலவரைக் கூட்டிவந்து சாட்சி சொல்லவைக்க வேண்டியிருந்தது. இப்போது சொந்த மகள் கீறிய படமே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லப் போகிறது.

படத்தில் ஒருவரும் இல்லையே, அதனால்தான் எழுதினேன் என்று சமாளித்தேன். ஸபீனா நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

"நாங்க ஆக்களக் கீறுறேல்ல சேர். எல்லாரும் உள்ளுக்கத்தான். செருப்பப் பாருங்கோ."

குனிந்து பார்த்தேன். நான் கல்லென்று நினைத்தவை செருப்புகள். வார் அறுந்து கம்பியால் கட்டிய பெரிய சோடி வாப்பாவுடையது. பூ வைத்தது உம்மாவுடையது. பெருவிரல் அளவில் ஒரு சோடி, தம்பியுடையது. எட்டுச் சோடி.

முப்பது வருடம் பிள்ளைகளுக்கு "வடிவாப் பாருங்கோ" என்று சொல்லித் திரிந்தவன் நான். ஆட்களையோ மிருகங்களையோ கீறுவதில்லை என்பது இந்த ஊரில் பல குடும்பங்களின் வழக்கம், டீச்சரும் வற்புறுத்துவதில்லை. பிள்ளைகள் தாங்களாகவே வேறு வழி கண்டிருந்தார்கள். மற்றப் படங்களையும் திரும்பப் பார்த்தேன். கொடியில் காயப்போட்ட ஈரச் சாரம், குசினியில் புகை, தோணியில் கிழிசல் பாதி பொத்திய வலை. அறுபது படத்திலும் சனம் நிறைந்திருந்தது. அந்த வெறுமையை யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்தவன் நான்தான். வெட்கமாக இருந்தது.

படத்தைக் கழற்றித் தரச் சொன்னார் நஸீர். டீச்சர் வந்தார், அதைக் கேட்டதும் முகம் சுண்டிப்போனது. ஒருவர் கழற்றினால் எல்லோரும் கழற்றுவார்கள். நான் பன்னிரண்டு அட்டைகளையும் கிழித்தேன். பிள்ளைகளே சொல்லட்டும், நான் எழுதுகிறேன் என்றேன். நிறுவனத்து இளைஞருக்கு அது பிடிக்கவில்லை. செருப்பு, சாரம் எல்லாம் கொழும்பு ஆட்களுக்கு விளங்காது என்றார்.

"விளங்காட்டி நிண்டு பாக்கட்டும்," என்றார் டீச்சர். "பாக்கத்தானே படம்."

ஸபீனா யோசித்து யோசித்துச் சொன்னாள். 'அசருக்குப் பிறகு எங்கட வீட்டில எட்டுப் பேர்.' அசர் என்றால் பின்னேரத் தொழுகை. அப்படியே எழுதினேன். நஸீர் விரலால் செருப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். எண்ணி முடித்து, சரி, போகட்டும் என்றார்.

தேத்தண்ணிக்கு வீட்டுக்குக் கூட்டிப்போனார். நீலக் கதவு அதேதான். உள்ளே ஒரே சத்தம், இருந்த ஒரு கதிரையில் என்னை இருத்தினார்கள். எனக்கு அங்கேயே இருந்துவிடலாம் போலிருந்தது. வெளிக்கிடும்போது ஸபீனா வாசலுக்கு வந்தாள்.

"உங்கட வீட்டு வாசல்ல எத்தின சோடி சேர்?"

ஒன்று என்றேன். என் செருப்பைப் பார்த்தாள்.

"அப்ப பெரிசாக் கீறலாம்."

போக நினைப்பவர்களுக்கு: பின்னேரம் யாழ்ப்பாணத்துக்கு பஸ் குறைவு, நானும் தவறவிட்டு மன்னார்ப் பட்டணத்தில் 1200 ரூபாவுக்கு அறை எடுத்தேன். தலைமன்னாருக்கு இப்போதைக்கு பஸ்தான், ரயில் பாதை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோங்கள். வெள்ளிக்கிழமை பாடசாலை வேளைக்கே விட்டுவிடும். வீடுகளைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். கண்காட்சிகளில் படத்தை முதலில் பாருங்கள், தலைப்பைப் பிறகு வாசியுங்கள். தலைப்பை என்னைப் போல ஒருவர் எழுதியிருக்கக் கூடும்.

வீட்டுக்கு வந்து மறுநாள் பின்னேரம் வாசலில் கிடந்த என் ஒரு சோடியைக் கீறிப் பார்த்தேன். பெரிதாகத்தான் வந்தது, வாரில் இருக்கிற தையல்கூடத் தெரிந்தது. அதைக் கனடாவுக்குத் தபாலில் போட்டேன். தலைப்பு எழுதவில்லை.