உண்ணி என்றால் எந்த உண்ணி?

குரங்கணி ஜீப் நிறுத்தத்தில் வண்டிக்குக் காத்திருந்த நேரத்தில், ஒரு பசுவின் காதுமடலைத் திருப்பி உண்ணி தேடிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்குச் சந்தேகம் தட்டுகிறது. ஒன்றுகூட இல்லை! மூக்குத்தோல் உரிந்து, கண் மஞ்சளாகி, வெயிலில் தலை தொங்கி நிற்கிறது பசு.

"அக்கா, உண்ணிதான்னு சொன்னீங்களே?"

பசுவுக்குச் சொந்தக்காரி பேச்சியக்கா சிரித்துவிடுகிறார். "நான் செடியச் சொல்றேன், நீ பூச்சியத் தேடுற! மேய்ச்சக்காடு பூரா உண்ணிச்செடிதான மண்டிக்கெடக்கு. மாட்டு டாக்டர்கிட்டயும் போன்ல உண்ணின்னுதான் சொன்னேன். பூச்சி மருந்து குடுத்துவிட்டாரு."

நான் கால்நடை மருத்துவம் படிக்கிறவன். பூவுக்காகக் கடல்தாண்டிக் கொண்டுவந்த செடி அது. அதைத் தின்ற மாட்டுக்கு ஈரல் கெட்டுக் கண் மஞ்சளாகும், வெயில் பட்டால் தோல் வெந்துவிடும். ஐரோப்பாவிலும் மருத்துவர்கள் இப்படி வந்தேறிய செடிகளோடு மல்லுக்கட்டுவதை வகுப்பில் படித்திருக்கிறேன். பெயரே ஆளைக் குழப்பும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

பசுவைப் புளியமர நிழலுக்கு மாற்றிவிட்டு டாக்டருக்குப் போன் போடுகிறேன். "செடியா? வெரசா வர்றேன்" என்கிறார்.

"பொழச்சுக்கிருமா தம்பி?"

"இன்னிக்கே வைத்தியம் பாத்துட்டாப் பொழச்சுக்கும்க்கா."

பசு மெல்ல வாளித் தண்ணீரில் மூக்கை வைக்கிறது.

என் ஜீப்பு போய்விட்டது, போகட்டும். நாளை காலை மேய்ச்சல் பாதையில் செடியை வேரோடு பிடுங்கப் போகிறோம்.

"கடப்பாரை நான் கொண்டாறேன். நீ வழியில பூச்சி தேடாம வந்து சேரு" என்கிறார் அக்கா.